17 வயதும் 108 நாளும்

நான் முதன்முதலில் விற்ற ஆட்டக்காரன் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கைமாறினான். 2004ஆம் ஆண்டின் கடைசி மாதம். பாலிடெக்னிக்கில் எனக்கு இரண்டாம் ஆண்டு. ஹாட்ரிக் என்ற இணையக் கால்பந்து மேலாளர் விளையாட்டில் ஒரு குழு வைத்திருந்தேன். வாரத்துக்கு ஒருவனை இளையர் அணியிலிருந்து மேலே எடுக்கலாம். பெரும்பாலும் ஒன்றுக்கும் தேறாதவன்தான் வருவான். அந்த வாரம் வந்தவனுக்கு வயது 17, பிளேமேக்கிங் என்ற நடுக்கள ஆட்டத் திறன் ‘சாலிட்’. அந்த விளையாட்டில் திறமையைச் சொற்களால்தான் சொல்வார்கள். ‘பாஸபிள்’, அதற்கு மேல் ‘சாலிட்’, அப்புறம் ‘எக்ஸலெண்ட்’, ‘ஃபார்மிடபிள்’ என்று படிப்படியாக ஏறி ‘டிவைன்’ வரை போகும். நடுக்களத்தை ஆளப்போகும் பையன் ஒருவன் நம் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்று எனக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை.

ஆனால் அரங்கம் கட்டப் பணம் வேண்டும். சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அவனை ஏலத்தில் போட்டேன். ஹாட்ரிக்கில் ஏலத்தில் போட்டால் மூன்று நாள் கெடு, போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. செவ்வாய் பிற்பகல் ஆய்வுக்கூடத்தில் இருந்துவிட்டு, வெளியே வந்து கணினி அறையில் பார்த்தேன். இரண்டே பேர் கேட்டிருந்தார்கள். கிடைத்த தொகை எனக்குப் பெரிதாகவே தெரிந்தது. மூன்று வாரம் கழித்து அவன் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, வாங்கியவர் அவனை மறுபடி விற்றிருந்தார், ஏறக்குறைய நாலு மடங்கு விலைக்கு.

அப்போது சிங்கப்பூரின் ஹவ்காங்கில் எங்கள் புளோக்கில் ஓர் அண்ணன் இருந்தார். கப்பல் பட்டறையில் வேலை. அவரும் ஹாட்ரிக் ஆடுபவர், என்னைவிட இரண்டு ஆண்டு மூத்த குழு. காப்பிக் கடையில் உட்கார்ந்து என் கதையைச் சொன்னேன். அவர் விலையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

“எத்தனை மணிக்கு முடிஞ்சுது தம்பி?” என்றார்.

“ரெண்டு மணிண்ணே.”

“சுவீடன்ல அப்ப காலையில ஏழு மணி. வாங்குறவன் பல்லு விளக்கிக்கிட்டு இருந்திருப்பான்.”

எனக்கு அன்றுதான் புரிந்தது. ஹாட்ரிக் 1997இல் சுவீடனில் தொடங்கிய விளையாட்டு. அதை ஆடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். அவர்கள் வேலை முடிந்து, சாப்பிட்டு, கணினி முன் உட்காரும் இரவு எட்டு மணி என்பது குளிர்காலத்தில் நமக்கு அதிகாலை மூன்று. ஏலம் போட்ட நேரத்திலிருந்து சரியாக மூன்று நாளில் முடியும். ஆக, நாம் மதியம் போட்டால் அவர்கள் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது முடியும். நல்ல விலை வேண்டுமென்றால் நாம் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து போடவேண்டும்.

அண்ணன் ஒரு நோட்டு வைத்திருந்தார். ‘நூற்றுக்கு நூறு’ வாங்கும் பிள்ளைகள் வைத்திருப்பார்களே, அதுபோல் அட்டை போட்ட நோட்டு. வயது, முதன்மைத் திறன், டிஎஸ்ஐ, விலை என்று நாலு கட்டம் நீல மையில். டிஎஸ்ஐ என்பது ஓர் ஆட்டக்காரனின் மொத்தத் திறனையும் அன்றைய ஆட்ட நிலையையும் சேர்த்து விளையாட்டே கணக்கிட்டுக் காட்டும் ஓர் எண். ஐந்தாவது கட்டம் சிவப்பு மையில்: ஏலம் முடிந்த நேரம். வேலைக்குப் போய்வந்து, குளித்துவிட்டு, தான் வாங்க நினைக்கும் வகை ஆட்டக்காரர்களின் ஏலங்களைத் தேடிப்பிடித்து ஒவ்வொன்றாக முடியும்வரை பார்த்து எழுதுவார். ஒரு பக்கம் நிரம்ப ஒரு வாரம் ஆகும். அந்த நோட்டுதான் அவருடைய சொத்து. யாரிடமும் கொடுக்கமாட்டார். எனக்கு மட்டும் அங்கேயே உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டு.

விலை ஒப்பீட்டுக் கருவிகளைப் பற்றிப் பேசவந்தால் நான் இந்த நோட்டிலிருந்துதான் தொடங்கவேண்டும். பின்னால் வந்த கருவிகள் எல்லாமே அந்த நீல மைக் கட்டங்களை எல்லாருக்கும் பொதுவாக்கின. சிவப்பு மைக் கட்டத்தை அல்ல. நான் சொல்ல வந்ததும் அந்த வித்தியாசத்தைத்தான்.

ஹாட்ரிக்கிலேயே பின்னர் ஒப்பீட்டு வசதி வந்தது. ஓர் ஆட்டக்காரனின் பக்கத்தில் இருந்தபடியே, அவனைப் போன்றவர்கள் அண்மையில் என்ன விலைக்குப் போனார்கள் என்ற பட்டியலைப் பார்க்கலாம். கட்டணம் செலுத்தும் ‘சப்போர்ட்டர்’ உறுப்பினர்களுக்கான வசதி அது. அதை முதன்முதலில் திறந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. அண்ணன் ஒரு வாரம் கண்விழித்து நிரப்பிய பக்கம், கண்முன்னே ஒரு நொடியில் விரிந்தது. உண்மையிலேயே மகிழ்ச்சிதான். புதிதாக வரும் ஒரு பையன் என்னைப்போல் ஏமாறவேண்டியதில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பில் இன்றும் மாற்றம் இல்லை. விலை தெரியாதவனிடம் அடித்துப் பிடுங்குவது திறமை என்று சிலர் பேசுவதை நான் ஏற்றதே கிடையாது.

இன்னொரு நன்மையும் உண்டு. இந்த விளையாட்டுகளில் ஒரு பழைய நோய், நண்பர்களுக்குள் பணம் கடத்துவது. என் நண்பன் குழுவுக்குப் பணம் வேண்டும் என்றால், அவனுடைய ஒன்றுக்கும் ஆகாத ஆட்டக்காரனை நான் கொள்ளை விலை கொடுத்து வாங்கிவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இல்லாத காலத்தில், “எனக்குப் பிடிச்சிருந்துது, வாங்கினேன்” என்று சொன்னால் மறுக்க முடியாது. ஒத்த ஆட்டக்காரர்கள் இருபது பேர் என்ன விலைக்குப் போனார்கள் என்று எல்லாரும் பார்க்க முடிகிறபோது, இருபத்தோராவது விலை அதைப்போல் எட்டு மடங்காக இருந்தால் கண்ணை உறுத்தும். யாராவது புகார் செய்வார்கள். விளையாட்டை நடத்துபவர்களும் விசாரிப்பார்கள். ஒழுங்காக ஆடுபவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, ஒரு பருவம் முழுக்க உழைத்து இரண்டாம் இடத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும்.

சரி, அடுத்த பக்கத்துக்கு வருகிறேன்.

என் அக்கா மகன் இப்போது உயர்நிலை மூன்றில் படிக்கிறான். அவன் ஆடுவது வேறு விளையாட்டு, இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சியின் அல்டிமேட் டீம். முன்பு ஃபிஃபா என்ற பெயரில் வந்ததுதான், 2023இல் பெயர் மாறியது. அதில் ஆட்டக்காரர்கள் அட்டைகளாக வருவார்கள். ஒரே வகை அட்டை ஆயிரக்கணக்கானவர்களிடம் இருக்கும். அவனிடம் உள்ளதும் பிரேசிலில் ஒருவனிடம் உள்ளதும் அச்சு அசலாக ஒன்று. அதனால் அதற்கு ஒரே விலைதான் இருக்க முடியும். ஃபட்பின் போன்ற தளங்கள் அந்த விலையை நிமிடத்துக்கு நிமிடம் காட்டுகின்றன, வரைபடத்தோடு. விளையாட்டுக்குள்ளேயே ‘கம்பேர் பிரைஸ்’ என்று ஒரு பொத்தானும் இருக்கிறது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அவனையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு தேக்காவுக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு ஒரு ஜோடித் தோடு வாங்கவேண்டியிருந்தது. சிராங்கூன் சாலையில் நாலு நகைக்கடை ஏறி இறங்கினோம். எல்லாக் கடை வாசலிலும் 916 தங்கத்தின் அன்றைய விலை பலகையில் எழுதியிருந்தது. எல்லாவற்றிலும் ஒரே விலை. அக்கா அந்தப் பலகையை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “செய்கூலி எவ்வளவு போடுவீங்க?”

பையன் என் காதருகே வந்து, “மாமா, இது ஃபட்பின் மாதிரியே இருக்கு” என்றான்.

அவன் சொன்னது சரிதான். விலை எல்லாருக்கும் தெரிந்துவிட்ட பொருளில் யாரும் விலைக்காகச் சண்டை போடுவதில்லை. சண்டை வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. நகைக்கடையில் அது செய்கூலிக்குப் போகிறது. அவனுடைய விளையாட்டில் எங்கே போகிறது என்று அன்று இரவு எனக்கு உட்கார்ந்து காட்டினான்.

அல்டிமேட் டீமில் ஓர் அட்டையை விற்றால் 5 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். 10,000 நாணயத்துக்கு வாங்கிய அட்டையை 10,500க்கு விற்றால் கைக்கு வருவது 9,975. அதாவது 25 நாணயம் நட்டம். 10,000க்கு மேல் விலையை 250, 250ஆகத்தான் ஏற்ற முடியும். அடுத்த படி 10,750. அதற்கு விற்றால் கைக்கு 10,212. ஆக, ஏழரை சதவீதம் ஏறினால்தான் இரண்டு சதவீதம் தேறும். விலை தளத்தில் எல்லாரும் 10,000 என்றே பார்த்துக்கொண்டிருக்கும்போது 10,750க்கு யார் வாங்குவார்கள்? இன்னொரு பக்கம், விற்கிறவன் எல்லாம் இப்போதைய மிகக் குறைந்த விலையைப் பார்த்து, அதைவிட ஒரு படி இறக்கிப் போடுகிறான். அடுத்தவன் அதைப் பார்த்து இன்னொரு படி. பத்து நிமிடத்தில் விலை நாலு படி இறங்கிவிடுகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் அந்த ஆட்டக்காரனிடம் எந்த மாற்றமும் இல்லை. ஓடும் வேகம், உதைக்கும் பலம் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

அதனால் அவன் இப்போது விலையைப் பார்த்து வாங்குவதில்லை. நேரத்தைப் பார்த்து வாங்குகிறான். குறிப்பிட்ட அட்டைகளைக் கொடுத்தால் பரிசு தரும் சவால்கள் 2016இலிருந்து அந்த விளையாட்டில் இருக்கின்றன. ஒரு சவால் வெளியானதும் அதற்குத் தேவையான அட்டைகளின் விலை சடசடவென்று ஏறும். எது வரும் என்று முன்கூட்டியே ஊகித்து, அமைதியான வேளையில் வாங்கி வைத்துக்கொள்கிறான். அவனுடைய செய்கூலி அதுதான்.

2015 மார்ச்சில் அந்த விளையாட்டில் ஒவ்வோர் அட்டைக்கும் கீழ்வரம்பு, மேல்வரம்பு என்று விலை எல்லை வைத்தார்கள். நாணயங்களை உண்மைப் பணத்துக்கு விற்கும் கூட்டத்தைத் தடுக்க எடுத்த நடவடிக்கை. காரணம் நியாயமானதுதான். ஆனால் அதன் பிறகு விலை என்பது ஆடுபவர்கள் மட்டும் சேர்ந்து முடிவுசெய்கிற ஒன்றாக இல்லை. மேலேயும் கீழேயும் சுவர் எழுப்பிய ஓர் அறைக்குள்தான் அது நடமாடுகிறது.

ஹாட்ரிக் வேறு. அங்கே இரண்டு ஆட்டக்காரர்கள் ஒரே மாதிரி இருப்பதே அபூர்வம். இதை அக்கா மகனுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது.

அந்த விளையாட்டில் ஒரு பருவம் 16 வாரம், 112 நாள். ஆட்டக்காரனுக்கு அதுவே ஓர் ஆண்டு. 17 வயது, 3 நாள் என்று ஒருவன் இருப்பான். 17 வயது, 108 நாள் என்று இன்னொருவன் இருப்பான். இருவருக்கும் ஒரே திறன். மேலோட்டமாகத் தேடினால் இருவரும் ‘17 வயது’ என்று ஒப்பீட்டுப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். ஆனால் பயிற்சி வாரம் ஒரு முறை. இடையில் 105 நாள் என்றால் 15 பயிற்சி. முதலாமவன் 18 வயதைத் தொடுமுன் ஏறக்குறைய ஒரு பருவம் முழுவதும் பயிற்சி பெறுவான். இரண்டாமவனுக்கு நாலு நாளில் பிறந்தநாள் வந்துவிடும். இளம் வயதில்தான் திறமை வேகமாக ஏறும் என்பதால், பயிற்சி கொடுப்பவனுக்கு இந்த 105 நாள்தான் பணம். இரண்டு விலைக்கும் சராசரி எடுத்துச் சொல்லும் எண் முதலாமவனையும் குறிக்காது, இரண்டாமவனையும் குறிக்காது.

அதோடு, ‘சாலிட்’ என்று எழுதியிருந்தாலும், அவன் அந்தப் படியில் இப்போதுதான் கால் வைத்திருக்கிறானா, அடுத்த படியின் விளிம்பில் நிற்கிறானா என்பதை விளையாட்டு காட்டாது. டிஎஸ்ஐயைப் பார்த்து ஊகிக்கவேண்டும். கோல் காவலர்களிடம் அந்த ஊகம் ஓரளவு சரியாக வரும், மற்றவர்களிடம் அவ்வளவு சரியாக வராது. சிறப்புத் தன்மை என்று வேறு ஒன்று இருக்கிறது. நுட்பக்காரனுக்கு வெயிலில் ஆட்டம் கூடும், மழையில் குறையும். பலசாலிக்கு நேர்மாறு. வேகக்காரனுக்கு இரண்டுமே ஆகாது. உங்கள் குழுவில் ஏற்கெனவே மூன்று நுட்பக்காரர்கள் இருந்தால் நாலாவதாக ஒரு பலசாலி உங்களுக்கு எவ்வளவு பெறுவான்? அந்த விலை உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எந்தப் பட்டியலிலும் அது இருக்காது.

இதைச் சொன்னபோது அக்கா குறுக்கிட்டார். அவருக்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியாது. “இது வீடு வாங்குற கதையால்ல இருக்கு” என்றார்.

அக்கா 2012இல் யீஷூனில் ஒரு மறுவிற்பனை வீடு வாங்கினார். அந்தக் காலத்தில் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டு விலையை யாரும் முழுத் தொகையாகச் சொல்லமாட்டார்கள். “வேல்யுவேஷனுக்கு மேல எவ்வளவு?” என்பதுதான் பேச்சு. முதலில் மதிப்பீடு வந்துவிடும். விற்பவர், வாங்குபவர், முகவர் மூன்று பேரும் அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ரொக்கமாக முப்பதாயிரமா, நாற்பதாயிரமா என்று பேரம் பேசுவார்கள். மதிப்பீட்டுக்கு மேல் கொடுக்கும் அந்த ரொக்கத்துக்கு சிஓவி என்று பெயர், அந்த மூன்று எழுத்து எல்லார் வாயிலும் இருந்தது. அக்கா பார்த்த வீட்டில் சமையலறைப் பக்கம் காலை வெயில் வரும், எதிரே மரம், பக்கத்திலேயே அம்மாவின் புளோக். இதற்கெல்லாம் என்ன விலை என்று அவர் ஒருநாளும் யோசிக்கவில்லை என்கிறார். “பக்கத்து வீட்டுக்காரங்க முப்பத்தஞ்சு குடுத்தாங்களாம், நாம முப்பதுக்கு முடிச்சா லாபம்னுதான் நெனச்சேன். வீட்டப் பத்தி நெனைக்கவே இல்ல.”

2014 மார்ச்சில் வீவக அந்த முறையை மாற்றியது. முதலில் இருவரும் விலையை ஒத்துக்கொள்ளவேண்டும். அதன் பிறகுதான் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். அதே சமயம் மறுவிற்பனை விலை விவரங்களை நாள்தோறும் வெளியிடவும் தொடங்கினார்கள். இந்த இரண்டும் சேர்ந்து நடந்தது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. என்ன விலைக்குப் போனது என்ற தகவலை மறைக்கவில்லை, இன்னும் தெளிவாகவே காட்டினார்கள். ‘இந்த வீட்டுக்கு இதுதான் விலை’ என்று ஓர் எண் முன்னாலேயே வந்து நிற்பதை மட்டும் நிறுத்தினார்கள். பேச்சு மறுபடி வீட்டைப் பற்றியதாக மாற அது ஒரு வழி.

ஆட்டக்காரர் சந்தையில் நடந்தது, அக்கா வீடு வாங்கிய காலத்துக் கதைதான். கருவி எல்லார் கையிலும் வந்த பிறகு ஏலங்கள் முடியும் விதமே மாறிவிட்டது. ஹாட்ரிக் ஏலத்தில் கடைசி மூன்று நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் கெடு மறுபடி மூன்று நிமிடம் தள்ளிப்போகும். அந்தக் காலத்தில் அந்த மூன்று நிமிடங்கள் ஒரு மணிநேரம்வரை நீண்டதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் ஒரே ஆட்டக்காரன்மீது மனம் வைத்துவிட்டால் விடவே மாட்டார்கள். இப்போது நான் பார்க்கும் ஏலங்களில் விலை சராசரியைத் தொட்டதும் கூட்டம் கலைந்துவிடுகிறது. ஆறு பேர் துரத்திக்கொண்டு வந்து, ஒரே இடத்தில், ஒரு நிமிட இடைவெளியில் நின்றுவிடுகிறார்கள். எல்லாரும் ஒரே பட்டியலைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

நேற்றைய சராசரியில் எல்லாரும் நின்றால் இன்றைய விலையும் அதே சராசரியாகிறது. நாளைக்கு ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கும்போது இன்றைய விலையும் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்ந்து, அதே எண்ணை இன்னும் உறுதியாக்குகிறது. கருவி சந்தையை அளக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அளந்துகொண்டே அது சந்தையைப் பிடித்தும் வைத்திருக்கிறது. கொஞ்சம் வித்தியாசமான ஆட்டக்காரன், அதாவது இரண்டு திறன் நடுத்தரமாக இருந்து ஒன்றுக்கொன்று துணைநிற்கும் ஆள், இதில் அடிபட்டுப்போகிறான். அவனைப் போன்றவர்கள் பட்டியலில் மூன்று பேர்கூட இருக்கமாட்டார்கள். ஒப்பிட ஆள் இல்லை என்றால் வாங்குபவருக்குப் பயம் வந்துவிடுகிறது. என் நடுக்களத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரன் அப்படி யாரும் கேட்காமல் கிடைத்தவன்தான். எட்டுப் பருவம் எனக்காக ஆடினான்.

இங்கே கேரள மீனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 1997இலிருந்து 2001 வரை வட கேரளக் கடற்கரையில் கைப்பேசி வந்தபோது மத்தி மீன் விலை என்ன ஆனது என்று பார்த்தார். அதற்குமுன் வடகரை என்ற ஊரில் வாங்க ஆளின்றி மீனைக் கடலில் கொட்டிக்கொண்டிருந்த அதே காலை, பக்கத்து ஊர்க் கரையில் மீன் கிடைக்காமல் ஆட்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். கைப்பேசி வந்ததும் படகில் இருந்தபடியே நாலு ஊர் விலையைக் கேட்டு, விலை உள்ள கரைக்குப் படகைத் திருப்பினார்கள். ஊருக்கு ஊர் இருந்த விலை வேறுபாடு ஏறக்குறைய மறைந்தது, மீன் வீணாவதும் நின்றது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது.

விலைத் தகவல் யாருக்கும் தீங்கு என்று நான் சொல்லாததற்கு இந்த ஆய்வு ஒரு காரணம். ஆனால் அந்த மீனவர் கேட்டது இந்த நேரத்து விலையை, இந்தக் கரையில் நிற்கும் ஆளிடம். நம் ஒப்பீட்டுப் பட்டியல் காட்டுவது போன வாரத்து விலை. விற்றவர் ஏன் விற்றார், எந்த நேரத்தில் விற்றார், அவசரமாகப் பணம் தேவைப்பட்டதா, பருவம் முடிந்து எல்லாரும் ஒரேயடியாக ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்த வாரமா, எதுவும் அந்த எண்ணில் ஒட்டியிருக்காது. வாராந்தரப் பயிற்சிக்கு முந்தைய நாள் வாங்க ஆள் அதிகம், பயிற்சி முடிந்த மறுநாள் விற்க ஆள் அதிகம். ஒரே ஆட்டக்காரன் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு விலைக்குப் போவான். அண்ணனின் சிவப்பு மை இதையெல்லாம் பிடித்து வைத்திருந்தது.

சிங்கப்பூரில் இருந்து ஆடும் நமக்கு அந்தச் சிவப்பு மை இன்னும் உதவுகிறது என்பதுதான் நான் கண்ட பெரிய விஷயம். நம் ஊரில் காலை பதினோரு மணி என்றால் ஐரோப்பாவில் குளிர்காலத்தில் விடியற்காலை நாலு. அந்த நேரத்தில் முடியும் ஏலங்கள் சராசரிக்குக் கீழேதான் போகின்றன, இன்றும்கூட. ஆகவே காலை இடைவேளையில் வாங்கலாம், அதிகாலையில் விற்கலாம். வாங்கி உடனே விற்றால் லாபம் வராது, குழுவில் குறைந்த நாள் இருந்தவனை விற்றால் முகவர் பிடித்துக்கொள்ளும் பங்கு அதிகம். சில வாரமாவது வைத்திருந்து, பயிற்சி கொடுத்து, ஆடவைத்து விற்கவேண்டும். எனக்கு அதுதான் பிடிக்கும். ஆளோடு பழகாமல் கைமாற்றிவிடுவதில் என்ன இருக்கிறது?

ஒப்பீட்டு வசதிக்குக் கட்டணம் உண்டு என்று முன்பே சொன்னேன். அதில் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. விளையாட்டை நடத்த வருமானம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கட்டணம் கட்ட முடியாத பள்ளிப் பிள்ளைக்குத்தான் இந்தத் தகவல் மிகவும் தேவை. 2004இல் எனக்குத் தேவைப்பட்டதுபோல். இருபது ஆண்டு ஆடிய எனக்கு அது இல்லாவிட்டாலும் ஓரளவு கண்ணால் மதிப்பிட முடியும். பாடப் புத்தகம் ஆசிரியரிடமும் வெற்று நோட்டு மாணவனிடமும் இருப்பதுபோன்ற நிலை இது.

இப்போது நானும் அக்கா மகனும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு அவன் எங்கள் வீட்டில் தங்க வந்திருக்கிறான். ஹாட்ரிக்கில் தனக்கென்று ஒரு குழு தொடங்கியிருக்கிறான். ஆட்டக்காரன் ஒருவனைப் பார்த்ததும், கருவியைத் திறக்குமுன் ஆளுக்கு ஒரு துண்டுத் தாளில் விலை எழுதவேண்டும். எழுதிய விலைக்குப் பக்கத்தில் ஏன் அந்த விலை என்று ஒரு வரி. அப்புறம்தான் பட்டியலைத் திறக்கலாம்.

முதல் வாரம் அவன் எழுதியதெல்லாம் வெறும் எண். காரணம் கேட்டால் “தோணுச்சு” என்பான். இரண்டாவது வாரம், ஒரு பக்கவாட்டு ஆட்டக்காரனுக்கு எழுதிய தாளில், “வேகக்காரன், ஆனா என் குழுவுல ஏற்கெனவே ரெண்டு வேகக்காரன், மழை பெஞ்சா மூணு பேரும் படுத்துடுவாங்க, அதனால கம்மி” என்று இருந்தது. அந்தத் தாளை எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று இரவு ஒரு கோல் காவலனைப் பார்த்தோம். வயது 23, டிஎஸ்ஐ அந்தப் படிக்கு நல்ல உயரத்தில் இருந்தது. அடுத்த படியைத் தொட அதிக வாரம் ஆகாது என்று எனக்குப் பட்டது. நான் 6 இலட்சத்து 20 ஆயிரம் என்று எழுதினேன். அவன் 4 இலட்சத்து 80 ஆயிரம். காரணம் கேட்டேன். “எனக்கு கீப்பர் வேணும் மாமா, ஆனா இந்த சீசன் இல்ல. அடுத்த சீசன்தான். அதுவரைக்கும் சம்பளம் சும்மா குடுக்கணும்.” பட்டியலைத் திறந்தோம். சராசரி 5 இலட்சத்து 50 ஆயிரம் என்றது. அவன் தன் தாளைப் பார்த்தான், பட்டியலைப் பார்த்தான், மறுபடி தன் தாளைப் பார்த்தான். பிறகு ஏலம் முடியும் நேரத்தைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை, சிங்கப்பூர் நேரம் காலை 5.40. ஐரோப்பாவில் இரவு பத்து நாற்பது.

“அவங்க தூங்கப் போற நேரம்” என்றான்.

“ஆமா.”

“நாலு எண்பதுக்குக் கிடைக்கும்னு தோணுது. அதுக்கு மேல போனா விட்டுடுவேன்.”

தாளை மடித்து மேசை விளக்கின் அடியில் வைத்தான். படுக்கப் போகும்போது அறைக் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினான். “மாமா, அஞ்சரைக்கு என்னை எழுப்பிவிடுங்க.”